அப்ளிகேஷனைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் என் போன் ஓயாது. "அண்ணாச்சி, பிளஸ் ஒன்னுக்கு நல்ல ஸ்கூல் எது?" எல்லாருக்கும் இதே கேள்விதான். கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்றால், இந்த வட்டாரத்துப் பள்ளிகளின் விண்ணப்பங்களில் பாதி என் மேஜையில்தான் நிரப்பப்படுகின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று, டி.சி. நகல் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். சொந்த ஊர் இடைசெவல் என்பது இன்னொரு காரணம். "கி.ரா. ஊர்க்காரர், படிப்பைப் பத்தித் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

எழுத்தாளர் கி.ரா. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் என்றால் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாத அந்த மனுஷரைப் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி போட்டுக் கொடுத்தது. அதே ஊரில் பிறந்து கூடவே வளர்ந்த கு. அழகிரிசாமி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். சாகித்ய அகாதெமி விருது அழகிரிசாமிக்கு 1970-இல், கி.ரா.வுக்கு 1991-இல். ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே கரிசல். பள்ளிக்கூடம் ஒருவருக்குப் பொருந்தியது, இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. இதை வைத்துக்கொண்டு 'படிப்பு எதுக்கு' என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் பேச்சை அங்கேயே வெட்டிவிடுவேன். கி.ரா. ஆக முடிந்தது கி.ரா.வால் மட்டும்தான்.

நல்ல பள்ளி எது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அது யாரைச் சேர்த்துக்கொள்கிறது, எப்படிச் சேர்த்துக்கொள்கிறது என்று முதலில் பாருங்கள். சுவரில் ஓவியமாக வரைந்திருக்கிற ஐன்ஸ்டீனையும் கலாமையும் பார்க்காதீர்கள். வாசலில் என்ன கேட்கிறார்களோ, உள்ளே இரண்டு வருஷம் அதைத்தான் கேட்பார்கள்.

நாமக்கல்லை எடுத்துக்கொள்வோம். இடைசெவலைத் தொட்டுக்கொண்டு போகிற நாற்கரச் சாலையில் வடக்கே வண்டியை விட்டால் விருதுநகர், மதுரை, திண்டுக்கல், கரூர் தாண்டி நாமக்கல். எங்கேயும் திரும்ப வேண்டாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் டிரங்குப் பெட்டியோடு அந்தத் திசையில் போன காலம் உண்டு. பிளஸ் டூ மார்க் 1200-க்கு என்று இருந்த காலம். தமிழ்நாட்டில் மெடிக்கல், இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட பிறகு, அதாவது 2007-க்குப் பிறகு, முழுப் பாரமும் பிளஸ் டூ மார்க்கின் மேல் வந்து உட்கார்ந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள் இந்தக் கணக்கை மற்றவர்களுக்கு முன்பே போட்டு வைத்திருந்தன. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால் பதினொன்றிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, இரண்டு வருஷமும் அதையே திரும்பத் திரும்ப எழுத வைப்பது. மக்கள் 'பிராய்லர் ஸ்கூல்' என்று பேர் வைத்தார்கள். ஊரும் கோழிப்பண்ணை ஊராக இருந்தது பேருக்குத் தோதாகிவிட்டது.

அந்த ரகப் பள்ளிகளின் விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பத்தாம் வகுப்பு மார்க், பாடவாரியாக. எந்த குரூப். ஹாஸ்டலா, டே ஸ்காலரா. சைவமா, அசைவமா. தகப்பனார் போன் நம்பர். முடிந்தது. மார்க்குக்குத் தக்கபடி கட்டணம்: உச்சத்தில் இருந்தால் முழுச் சலுகை, அதற்குக் கீழே பாதி, அதற்கும் கீழே முழுப் பணம், இன்னும் கீழே போனால் 'சீட் ஃபுல்'. பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும் என்று கேட்க ஒரு கட்டம்கூட இருக்காது. என்னைக் கேட்டால் அது நேர்மையான விண்ணப்பம் என்பேன். 'எங்களுக்கு மார்க்தான் வேண்டும், மற்றதை நாங்கள் பார்க்கப்போவதில்லை' என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

அது பொருந்திய பிள்ளைகளும் உண்டு. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற தாய், ஒரே அறை வீடு, ராத்திரி பத்து மணி வரை பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் என்று இருந்த பையன் ஒருவனுக்கு அந்த ஹாஸ்டல் ஸ்டடி ஹால்தான் வாழ்க்கையில் முதல் முதலாகக் கிடைத்த அமைதி. நன்றாக வந்துவிட்டான். அவனைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, எதையும் 'ஏன்' என்று கேட்டுப் படிக்கிற பாப்பா, தீபாவளி லீவுக்கு வந்தது. திரும்பிப் போகவே இல்லை. கட்டின பணம் போனதுதான். எல்லாரும் பாப்பாவைத்தான் திட்டினார்கள், "அந்தப் பையன் இருக்கலையா" என்று.

பிறகு காற்று மாறியது. 2017-இல் நீட் வந்தது. அது பதினொன்று, பன்னிரண்டு இரண்டிலிருந்தும் கேள்வி கேட்கிற பரீட்சை. அதே வருஷம் மாநில ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, மொத்த மார்க் 600 ஆனது. பதினொன்றைத் தாண்டிக் குதிக்கிற வித்தை அத்தோடு படுத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். இப்போது 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையின்படி பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மறுபடியும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது, சரி. ஆனால் பழைய வியாபாரம் திரும்பி வராது என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீட், ஜே.இ.இ. எழுதாத காமர்ஸ் குரூப், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளைச் சேர்க்கிற பெற்றோர், பதினொன்றாம் வகுப்பு டைம்டேபிளைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டியது இனிமேல்தான்.

சரி, மார்க்கை வடிகட்டிச் சேர்க்கிற பள்ளியின் ரிசல்ட்டுக்கு என்ன மதிப்பு? சாத்தூர்ப் பக்கம் வத்தல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். நல்ல சிவப்பு வத்தலாகப் பொறுக்கி வாங்கிப் போட்டுவிட்டு, 'என் கிட்டங்கியில் கிடந்ததால்தான் சிவந்தது' என்று ஒரு வியாபாரி சொன்னால் கமிஷன் கடையில் சிரிப்பார்கள். 490 எடுத்த பிள்ளையை இலவசமாக அழைத்துப் போய் 590 எடுக்க வைத்து பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் கட்டினால் மட்டும் வாயைப் பிளந்து பார்க்கிறோம். இதைப் பொருளாதார அறிஞர்கள் மூன்று பேர், அப்துல்காதிரோக்லு, ஆங்க்ரிஸ்ட், பதக், பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் சோதித்துப் பார்த்து 2014-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆங்க்ரிஸ்ட் பின்னால் 2021-இல் நோபல் வாங்கியவர். அங்கே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிற பேர்பெற்ற அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. மயிரிழையில் உள்ளே போன பிள்ளைகளையும் மயிரிழையில் வெளியே நின்றுபோன பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். பிற்காலத்து மார்க்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்த கெட்டிக்காரக் கூட்டத்தால் கிடைக்கும் என்று நினைத்த லாபம் மார்க்கில் தெரியவில்லை. ஒன்றிரண்டு மார்க்கில் சீட் தவறியதற்காக மூன்று நாள் சோறு தின்னாமல் கிடக்கிற அப்பாக்களுக்கு இதை நான் பிரிண்ட் எடுத்தே கொடுத்திருக்கிறேன். காசு வாங்கவில்லை.

வடிகட்டலே கூடாது என்று சட்டம் சொல்கிற இடமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ சோதனை வைக்கக் கூடாது. வைத்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன்னில் நுழைவுத் தேர்வு வைக்கிற பள்ளியிடம் போய் இந்தச் சட்டத்தைப் பேச முடியாது. சின்ன வகுப்புகளில் பேசலாம். பேசலாம் என்றுதான் பேர். அங்கே தேர்வு என்று சொல்ல மாட்டார்கள், 'இன்டராக்‌ஷன்' என்பார்கள். ஒரு பள்ளியின் எல்.கே.ஜி. விண்ணப்பத்தில் தாயார் படிப்பு, தகப்பனார் படிப்பு, வீட்டில் பேசும் மொழி, சொந்த வீடா வாடகை வீடா என்று நாலு கட்டம் வரிசையாக இருந்தது. நிரப்ப வந்த தாய் 'எட்டாவது' என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதப் பாத்தா சீட்டு தருவாங்களாண்ணே?" மூன்று வயதுப் பிள்ளையின் விண்ணப்பத்தில் தாயின் எட்டாம் வகுப்பு எதற்கு? எதற்கு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அதே சட்டத்தில் 25 சதவீத ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் நாலில் ஒரு இடம் நலிந்த பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, கட்டணத்தை அரசு கொடுக்கும், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். வருமானத்தை வைத்துக் கேட்பவர்களுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு கிலோமீட்டர்தான் கரிசல்காட்டுக்காரனுக்கு இடி. வீட்டுக்கு ஒரு கிலோமீட்டரில் மெட்ரிக் பள்ளி இருப்பது டவுனில். எங்கள் பக்கம் ஒரு கிலோமீட்டரில் இருப்பது அடுத்தவர் உளுந்துக்காடு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025-இல் மத்திய அரசு நிதியை நிறுத்தி வைத்த தகராறில் சேர்க்கை வேலையே அக்டோபரில்தான் ஆரம்பித்தது. அதுவரை எவ்வளவு பேர் வந்து வந்து கேட்டுப் போனார்கள் என்பதை என் கடைத் திண்ணை அறியும்.

மார்க்கும் பார்க்காமல், வருமானமும் பார்க்காமல் ஆள் எடுக்கிற இடம் ஒன்று கோவில்பட்டியிலேயே இருக்கிறது. ஹாக்கி ஹாஸ்டல். விளையாட்டு ஆணையம் நடத்துவது. அங்கே கேட்பது ஓட்டம், மூச்சு, ஸ்டிக்கைப் பிடிக்கிற கை. அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் இங்கே வந்து பயிற்சி எடுத்தான். நம்ம ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் இங்கேயே உருவானவன். 2022 ஆசியக் கோப்பையில் இருவரும் இந்திய அணியில் ஆடினார்கள், பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்டான், அணி வெண்கலத்தோடு திரும்பியது. மார்க் பார்த்து ஆள் எடுக்கிற பள்ளி வாசலில் இந்த இரண்டு பையன்களையும் நிறுத்தியிருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

பெற்றோரைத் தேர்வு செய்கிற பள்ளிகள் வேறொரு ரகம். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி வழியில் நடக்கிற ரிஷி வேலி பள்ளியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ரேங்க் கிடையாது, பரிசு கிடையாது. பிள்ளையோடு பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். நியாயம்தான். 'வகுப்பில் எத்தனாவது ரேங்க்' என்று போனில் விசாரிக்கிற அப்பாவுக்கு அந்தப் பள்ளி ஆகவே ஆகாது. இதில் ஒரு வேடிக்கை: கிருஷ்ணமூர்த்தியே லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தேறாமல் போனவர். மார்க் பார்த்து எடுக்கிற ஸ்கூல் என்றால் நிறுவனருக்கே சீட் இல்லை.

அது வசதியுள்ளவர்கள் பள்ளி, நமக்கும் அதற்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. ரிஷி வேலிக்காரர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை ஒன்று உண்டு. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி, ஏணிப்படி மாதிரி வரிசை வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறிப்போவது. அதைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எடுத்துப் பார்த்து, 2007-இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். செயல்வழிக் கற்றல் என்று பேர். தரையோடு ஒட்டின கரும்பலகை, யானை, முயல் படம் போட்ட அட்டைகள், பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். அந்த வருஷங்களில் ஒன்றியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். லட்சக்கணக்கில் கட்டிச் சேர வேண்டிய இடத்தின் சரக்கு, சத்துணவுத் தட்டோடு சேர்ந்து நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. நாம்தான் "பிள்ளைக அட்டைய வச்சு விளையாடுது, டீச்சர் பாடம் நடத்தல" என்று சொல்லி வேன் வருகிற ஸ்கூலுக்கு மாற்றினோம்.

பாடம் நடத்துகிற முறையே சில பிள்ளைகளுக்கு ஆகும், சில பிள்ளைகளுக்கு ஆகாது. அமெரிக்காவில் எக்ஸிடர் என்று ஒரு பழைய தனியார் உயர்நிலைப் பள்ளி, 1781-இல் தொடங்கியது. 1930-இல் ஹார்க்னஸ் என்ற பணக்காரர் கொடுத்த நன்கொடையில் வகுப்புக்கு வகுப்பு நீள்வட்ட மேஜை போட்டார்கள். பன்னிரண்டு பிள்ளைகளும் ஆசிரியரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பேசித்தான் பாடம். பின்பெஞ்சே கிடையாது. நம்மூரில் 2025-இல் 'ப' வடிவத்தில் பெஞ்சைப் போடச் சொல்லி உத்தரவு வந்து, வந்த வேகத்தில் நின்றதே, நினைவிருக்கிறதா? அங்கே அது பள்ளியின் உயிர்நாடி. கேட்டுக்கொண்டே இருந்து மனசுக்குள் போட்டுப் புரட்டிப் படிக்கிற, வாயே திறக்காத பிள்ளைக்கு அந்த மேஜை நரகம். வாயாடிப் பிள்ளைக்குச் சொர்க்கம். அதிலே பள்ளியின் குற்றம் என்று ஒன்றும் இல்லை.

நம் மண்ணில் வடிகட்டாத தனியார் பள்ளிக்கும் மரபு இருக்கிறது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலா, 1889. அந்த ஊர் நாடார் உறவின்முறையார் மகமைப் பணத்திலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்த்த பள்ளி. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்தார்கள். அங்கே படித்து இடையில் நின்றுபோன ஒரு பையன் பின்னால் முதலமைச்சராகி ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தான். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. மற்ற பள்ளிகள் 'எங்களால் ஆகாது' என்று கைவிரித்த பிள்ளையை அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். தரமான பள்ளி என்று பட்டியல் போடுகிறவர்கள் இதையெல்லாம் எந்த வரிசையில் வைப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

கடைசியாக, யாரும் விண்ணப்பத்தில் அச்சடிக்காத ஒரு கணக்கு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மெடிக்கல் சீட்டில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, 2020-இலிருந்து. இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கும் 2021-இல் வந்தது. 'பிளஸ் டூ மட்டும் நல்ல பிரைவேட்ல போடுவோம்' என்று பதினொன்றில் மாற்றினால் அது போச்சு. எங்கள் ஆட்கள் அடிக்கடி தவறுவது எங்கே என்றால், அரசு உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, அப்புறம் என்ன என்று. 7.5-க்கு அது செல்லாது. மாதம் ஆயிரம் ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டத்துக்குச் செல்லும்; உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கும் அதை நீட்டித்து 2024 டிசம்பர் கடைசியில் நம் தூத்துக்குடியில்தான் தொடங்கி வைத்தார்கள். 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் 7.5 உண்டு. இது தெரியாமல் எட்டு முடித்ததும் கடன் வாங்கி அதே பள்ளியில் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

பாக்கி இருந்தால் டி.சி. தர மாட்டோம் என்று மிரட்டுகிற பள்ளியிடம் சிக்கியிருப்பவர்களுக்கும் ஒரு வரி: கட்டணம் வசூலிக்கிற கருவி அல்ல டி.சி. என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு நகல் கடையில் இருக்கிறது.

இந்த மே மாதம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மகளுக்கு பயோ மேத்ஸ் வாங்க ஒரு பெரிய பள்ளிக்குக் கிளம்பினார். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்: 'போன தடவை பதினொன்றில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டு எழுதினார்கள்?' நூறு சதவீதத் தேர்ச்சி என்று போர்டு வைக்கிற பள்ளிகளில், தேறாது என்று தோன்றுகிற பிள்ளையைப் பதினொன்று முடிவதற்குள் டி.சி. கொடுத்து அனுப்புகிற வழக்கம் ஊரறிந்த ரகசியம்.

சாயங்காலம் திரும்பி வந்தார். "கேட்டீங்களா?"

"கேட்டேன் அண்ணாச்சி. ஆபீஸ் ரூம்ல இருந்த அம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'நீங்க எந்தப் பத்திரிகை?'ன்னாங்க. நான் வெவசாயிம்மா, இடைசெவல்னேன். சீட்டு இருக்கு, நாளைக்கே பணங் கட்டச் சொல்லிட்டாங்க. ஆனா எத்தனை பேருன்னு மட்டும் சொல்லவே இல்ல."

"என்ன செய்யப்போறீங்க?"

"பாப்பா ஆறாப்புல இருந்து அரசுப் பள்ளிதானே அண்ணாச்சி. அங்கனயே இருக்கட்டும்னுட்டேன். இந்த வருமானச் சான்றுல பேரு தப்பா இருக்கு, அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க."